ஜனவரி ஒன்றாம் தேதி காணாமல் போனவர்கள்

இணையதளம் செய்துகொடுத்துப் பிழைத்த காலத்தில் என் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'டைனமிக் வெப்சைட் வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. புதுச்சேரியில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அர்த்தம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை என்பதால் நானும் கவலைப்படவில்லை.

மிஷன் வீதியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறையும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தட்டாஞ்சாவடிப் பட்டறைக்காரர்கள். அட்டைப்பெட்டி செய்கிறவர், பம்புக்கு மூடி செய்கிறவர். முதலாளி படம், கம்பெனி வாசல் படம், தலைக்கு மேல் ஓடும் எழுத்து, இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. நானோ, தகவலெல்லாம் ஓரிடத்தில் இருக்கும், பார்க்கிறவர் கேட்டதை மட்டும் எடுத்து அந்த நொடியில் பக்கம் தானே உருவாகும், அதுதான் டைனமிக் என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும் சார், சாமி படத்துக்கு முன்னாடி விளக்கு எரியுமா?" என்பார்கள். எரியும். அந்த விளக்கைத்தான் நான் நன்றாகச் செய்வேன்.

தொழில் புத்தகங்களும் நிறைய வைத்திருந்தேன். பக்கம் செய்யும் முன் அதைப் பார்க்கப்போகிறவரிடம் பேசு என்று எல்லாவற்றிலும் முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கும். நான் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து படிக்கிறவன்.

உண்மையிலேயே டைனமிக்காக ஒரு பக்கம் வேண்டும் என்று முதன்முதலில் கேட்டவர் குருசுக்குப்பத்தில் ஃபாரம் எழுதிக்கொடுக்கும் ஒருவர். வயது அறுபது இருக்கும். எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும் அவர்களுடைய விதவைகளும் ஏராளம். அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, தாங்கள் உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி பிரான்சுக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அங்கே இருக்கிற அலுவலகம் அவர்களை இல்லை என்று எடுத்துக்கொள்ளும். முசியே அதைச் 'செர்த்திஃபிகா' என்பார். இருநூறு பேருக்கு மேல் அவர்தான் செர்த்திஃபிகா எழுதுவார், கையெழுத்து வாங்குவார், தபாலில் சேர்ப்பார்.

அவருடைய பிரச்சினை டெலிபோன். இவர்களுடைய பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் பிரான்சில். அங்கே அவர்கள் காலையில் காபி குடிக்கிற நேரம் இங்கே முசியே சோற்றில் குழம்பு ஊற்றுகிற நேரம்.

"தெனம் தெனம் ரெண்டு வாய் சாப்பிடறதுக்குள்ள நாலு ஃபோனு, தம்பி. 'எங்கம்மா செர்த்திஃபிகா போயிடுச்சா, எங்கப்பா செர்த்திஃபிகா போயிடுச்சா.' அவங்களே கம்ப்யூட்டர்ல பார்த்துக்கற மாதிரி பண்ணிக் குடு. என் ரசம் ஆறாம இருக்கணும்."

இப்படியாக ஒருவருடைய ரசத்தின் சூட்டை மையமாக வைத்து நான் தேவைகளைச் சேகரிக்க ஆரம்பித்தேன். அவரிடம் நீளமான மரப்பெட்டி ஒன்று இருந்தது. நடுவில் தடுப்பு. ஆளுக்கு ஒரு அட்டை. வருடம் பிறந்ததும் எல்லா அட்டைகளையும் தடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவார். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டதும் அவரவர் அட்டை முன்னால் வரும். யாராவது இறந்துபோனால் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு சிலுவை போட்டோ, விபூதிக் கோடு இழுத்தோ, அவரவர் முறைப்படி அலமாரியில் வைத்துவிடுவார். அவ்வளவு சுத்தமான ஏற்பாட்டை நான் அதுவரை கண்டதில்லை. அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இந்த வருடச் சான்றிதழ் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் பெயர் மட்டும் பக்கத்தில் தெரியும். அப்போது எல்லோருமே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். கூடவே முகப்பில் கடலிலிருந்து சூரியன் எழும் காட்சி, இலவசம். அது முழுதாக எழ நான்கு நிமிடம் ஆகும்.

கடைசி நாள் அவர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை மாட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் வந்தார். மூலக்குளத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறவர். எழுபது தாண்டிய உடம்பு, ஆனால் நடை வேகம். கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றுக் காலமானவர். ஒரே மகள் பாரீஸ் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. நான் என்ன செய்கிறேன் என்று முசியே சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல என் பொண்ணு பார்த்தா இன்னா தெரியும்?"

"உங்க பேரு, ஃபைல் நம்பர், இந்த வருஷம் செர்த்திஃபிகா போன தேதி."

"நான் நல்லா இருக்கேன்னு தெரியுமா?"

"அது இதுல வராதும்மா."

"அப்ப இன்னாத்துக்கு இது?"

"மதாம், அது டைனமிக்," என்றார் முசியே, எனக்குப் பரிந்து.

அந்த அம்மாள் விடவில்லை. மகள் கொஞ்ச நாளாக ஃபோனில் மிரட்டுகிறாளாம். நீ தனியாக இருக்கிறாய், உனக்கு என்ன ஆனாலும் எனக்குத் தெரியாது, ஒருநாள் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று. "ஒரு குளிர்காலம் போய் இருந்துட்டுதான் வந்தேன் தம்பி. நாலு மணிக்கு இருட்டிடும். வீட்டுக்குள்ள சத்தம் வராம நடக்கணும், கீழ் வீட்டுக்காரன் கட்டையால இடிப்பான். என் பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. விசா கெடைக்கலன்னு ஒரு சாக்குகூட சொல்ல முடியாது. நான் இங்க நல்லா இருக்கேன்னு இதுல போடு. நான் போவாம இருக்கணும்."

திட்டத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்று நாசூக்காகச் சொன்னேன். பெரிய கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று படித்திருந்தேன். இரண்டாம் அத்தியாயத்தில்.

பக்கம் நன்றாகவே ஓடியது. டிசம்பர் வரைக்கும்.

ஜனவரி ஒன்றாம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு முசியே என் வீட்டுக்கு ஃபோன் செய்தார். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "போன் அன்னே, முசியே," என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

"யாரும் இல்ல தம்பி."

"எங்க?"

"உன் கம்ப்யூட்டர்ல. ஒருத்தர்கூட இல்ல. பிரான்ஸ்லேர்ந்து ஒரு பையன் அழுவுறான்."

ஸ்கூட்டரில் குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தைத் திறந்தேன். சூரியன் நிதானமாக எழுந்தது. அதன் கீழே வெறுமை. இருநூற்றுச் சொச்சம் பேரையும் காணோம். அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்பது பார்க்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அது வரைக்கும் ஒரே காரணத்துக்காகத்தான் பெயர்கள் அதிலிருந்து போயிருந்தன.

யாரோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன். எவனாவது அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு குருசுக்குப்பத்து விதவைகளை அழிப்பான் என்று அன்றைக்கு உண்மையிலேயே நம்பினேன். சரிசெய்ய உள்ளே போகப் பார்த்தால் கடவுச்சொல் தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டான் படுபாவி. மூன்று மணி நேரம் விதவிதமாக முயன்றேன். முசியேயின் கீபோர்டு அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் பிரான்சிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தது, அதில் ஆங்கிலக் கீபோர்டில் க்யூ இருக்கிற இடத்தில் ஏ இருக்கும் என்பது, விசைகளைப் பார்க்காமலே அடிக்கிற எனக்குத் தோன்றவே இல்லை. அடிக்கிற எழுத்துதான் நட்சத்திரக் குறியாகத் தெரிகிறதே, கண்ணால் பார்த்தா கண்டுபிடிக்க முடியும்?

இன்னொன்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். நான் அதில் இணையத்தைப் பிடித்து வைத்திருந்த மூன்று மணி நேரமும் பிரான்சிலிருந்து கூப்பிட்ட அத்தனை பேருக்கும் எங்கேஜ்டு.

"என்னடா, ஃபோனே வரல, எல்லாருக்கும் மனசு ஆறிடுச்சி போலிருக்கு," என்று முசியே நிம்மதியாகக் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மாடி அறைக்குத் திரும்பி, என் கீபோர்டில் அடித்ததும் கதவு உடனே திறந்தது. யாரும் புகுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது. வருடம் பிறந்தது, எல்லா அட்டைகளும் தடுப்புக்குப் பின்னால் போயின. முசியேயின் பெட்டியில் பின்னால் போன அட்டை கண்ணுக்குத் தெரியும். கைவிட்டால் எடுக்கலாம். நான் செய்த பெட்டிக்குப் பின்பக்கமே இல்லை.

ஒரு வரியை மாற்றி எல்லோரையும் திரும்பக் கொண்டுவர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

மூன்றாம் தேதி காலையில் மாடிப்படியில் ஓர் ஆள் நின்று நின்று ஏறி வரும் சத்தம் கேட்டது. மூலக்குளத்து அம்மாள். உள்ளே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என்னைப் பொட்டியிலேர்ந்து எடுத்தது நீதானே?"

அவருடைய தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியதில் டெலிபோன் கேபிள் அறுந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒன்றாம் தேதி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட மகளுக்கு லைன் கிடைக்கவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள், அம்மா பெயர் இல்லை. முசியே வீட்டுக்கு அடித்திருக்கிறாள், எங்கேஜ்டு. மூன்று மணி நேரம் எங்கேஜ்டு. அடுத்து அவள் அடித்தது விமான டிக்கெட் விற்கிறவனுக்கு. ராத்திரிதான் முசியே கிடைத்து, அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டும் அவள் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. மறுநாள் அம்மாவை முசியே வீட்டுக்கு வரவழைத்து, அந்த ஃபோனில் பேசியிருக்கிறாள்.

"பொங்கலுக்கு வரா. 'இனிமே இந்த மாதிரி ஒரு நாள் எனக்கு வேணாம், திரும்பி வரும்போது நீயும் கூட வர்ற'ன்னுட்டா. வீட்டைப் பூட்டி சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு கேக்கறா." கைப்பையைத் திறந்து எதையோ தேடி, தேடியது இல்லாமல் மூடினார். "என்னை அனுப்பறது அவ இல்ல தம்பி. நீ."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பத்து நாள் இருக்கு, ஏதாவது பண்ணு," என்றார். அது விண்ணப்பமா உத்தரவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அன்றைக்குத்தான் முதல் அத்தியாயத்துக்குப் போனேன். முசியேயிடம் மகளின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி, மன்னிப்புக் கேட்டு, இந்தப் பக்கத்தில் உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்று எழுதினேன். பக்கத்தைப் பார்க்கிற ஒருவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி. ஆங்கில எழுத்தில் தமிழாகப் பதில் வந்தது. ஃபைல் நம்பரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இந்த வாரம் அம்மாவை யாராவது கண்ணால் பார்த்தார்களா? பார்த்தபோது என்ன சொன்னாள்? தயவுசெய்து 'நலம்' என்று எழுதாதீர்கள். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தபோதும் அம்மா ஃபோனில் நலம்தான். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது, வேலை நடுவில்தான் பார்க்க முடியும், அந்தச் சூரியனை எடுத்துவிடுங்கள்.

சூரியனை எடுத்தேன். வலித்தது. தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் பக்கத்தில் இடம் வைத்து, 'கையெழுத்துக்கு வரவேண்டும்' என்று எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் உள்ளே புதிதாக ஒரு பக்கம்: யார் பார்த்தது, எந்த நாள், என்ன சொன்னார். முசியே எல்லாவற்றையும் இணையம் இல்லாமலே அடித்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் அரை நிமிடத்தில் அனுப்பிவிட்டு லைனை விடும்படி செய்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ். அந்தக் கீபோர்டை நான் தொடவில்லை. அவர் அதில் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பார்.

அந்த அம்மாள் தினமும் பஸ் பிடித்து வந்தார். முதல் நாள், "நல்லா இருக்கேன்னு போடு," என்றார்.

"அது கூடாதாம் மதாம். வேற சொல்லுங்க."

"வேற இன்னா சொல்றது? பின்னாடி மனைக்காரன் மதில் எழுப்பறான், ஒரு முழம் உள்ள வந்துட்டான். நூல் கட்டி அளந்து காட்டினேன். மேஸ்திரி என்னைப் பார்த்து சிரிக்கறான். நாளைக்கி சிரிக்கட்டும், இருக்கு அவனுக்கு."

முசியே ஒரு சொல் விடாமல் அடித்தார். மறுநாள் மேஸ்திரி என்ன ஆனான் என்பது வந்தது. அதற்கடுத்த நாள், பிபி மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளாகச் சாப்பிடுகிறார் என்பது வாய் தவறி வந்துவிட்டது.

"அதைப் போடாதே."

"போட்டு அனுப்பிட்டேன் மதாம்."

"அழி."

முசியே என்னைப் பார்த்தார். அழிக்கிற வசதியை நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அது. அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பிரெஞ்சிலும் தமிழிலும் திட்டிவிட்டு, அன்றிலிருந்து முழு மாத்திரை சாப்பிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் தாயும் மகளும் குருசுக்குப்பத்துக்கு வந்தார்கள். மகளுக்கு ஐம்பது இருக்கும். தாயின் அதே வேக நடை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நீங்கதான் அந்தச் சூரியனா?" என்றாள். ஒப்புக்கொண்டேன். அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அத்தனை நாள் பதிவுகளையும் மேலிருந்து மறுபடி படித்தாள். தாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பரீட்சை எழுதினது நாங்கள் மூன்று பேரும்.

"நாலு தெருவுக்கு சண்டை போட்டுட்டு இருக்கே," என்றாள் மகள்.

"அவன் ஒரு முழம் உள்ள வந்தாண்டி."

"அங்க வந்தா உனக்கு சண்டை போட யார் இருக்கா?"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

மகள் நாற்காலியைத் தாய் பக்கம் திருப்பினாள். பிறகு, வாரத்துக்கு ஒரு தடவை கண்டிப்பாக வந்து சொல்லவேண்டும், ஒரு வாரம் தவறினாலும் டிக்கெட் எடுப்பேன் என்றாள். செவ்வாய்க்கிழமை என்றாள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் லாரி வரும், புதன்கிழமை என்றார் தாய். புதன்கிழமை முடிவாயிற்று. முசியே எழுந்துபோய்க் காபி போட ஆரம்பித்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அவ நல்லா இருக்காளான்னு எனக்கு எதுல தெரியும்?"

"யாரு?"

"இவ. என் பொண்ணு. நான் புதன்கிழமை வந்து எல்லாம் சொல்றேன். இவ இன்னா சொல்லுவா, எங்க சொல்லுவா?"

அதற்கு இடமில்லை. பிள்ளைகள் பார்க்கிறவர்கள், பெற்றவர்கள் பார்க்கப்படுகிறவர்கள் என்றுதான் நான் பிரித்து வைத்திருந்தேன். மகள் சிரித்து, "எனக்கு இன்னாம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள். "அது கூடாதாமே," என்றார் தாய்.

இரண்டு நாளில் அதையும் செய்துகொடுத்தேன். மகள் தனியாகத்தான் விமானம் ஏறினாள். மூன்று புதன்கிழமைகள் தாய் பேசினார், மகளின் பக்கம் காலியாக இருந்தது. நான்காவது புதன்கிழமை அதில் ஏழெட்டு வரி இருந்தது. நானும் அங்கே இருந்தேன். முசியே கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். கூட இருந்த என் பையனும் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். சனி ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறப்பதில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் முதல் ஆளிடம் பேசும்போது தொண்டை கரகரக்கிறது. உன்னைக் கூப்பிட்டது உனக்காக மட்டும் இல்லை அம்மா.

முசியே படித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த அம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன்காரி ஒருத்தி கூடையோடு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, "கழுதை, இதை ஃபோன்ல சொல்லாம முழுங்கிட்டு இருந்திருக்கா," என்றார்.

பிறகு முசியேயிடம், "அங்க எப்ப குளிர் வுடும்?" என்று கேட்டார்.

"ஏப்ரல், மே ஆயிடும் மதாம்."

"மே மாசம் போயி ஜூலை முடிஞ்சதும் வந்துடறேன். ரெண்டு பக்கத்துக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி எழுது. திரும்பி வர டிக்கெட் நம்பரை எனக்கு முதல்ல காட்டணும்னு எழுது."

முசியே அடித்தார். அரை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

மே மாதம் கிளம்புகிற அன்று டாக்சியை மிஷன் வீதியில் நிறுத்தச் சொல்லி, படியேறாமல் கீழே இருந்தே கூப்பிட்டார். இறங்கி வந்தேன். தான் அங்கே இருக்கிற மாதங்களில் தன் பக்கத்தில் என்ன தெரியும் என்று கேட்டார். யாரும் பார்க்காததால் ஒன்றும் தெரியாது, காலியாக இருக்கும் என்றேன்.

"காலியா வுடாதே. நீயே எழுது."

"என்னன்னும்மா?"

"வீடு பூட்டியிருக்கு, மதிலை எவனும் தொடக்கூடாது, ஆகஸ்ட்ல வரேன்னு எழுது."

மாடிக்குப் போய் முதல் வேலையாக அதை எழுதினேன்.